மீன்தொட்டிச் சத்தமும் மாமியின் பகல் நித்திரையும்

மீன்தொட்டி மோட்டர் ஒன்றின் சத்தத்தைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். ஊர்காவற்றுறையில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்து, என்னோடு சேர்ந்தே நரைத்துப்போன உங்களுக்குத்தான் இது. இளையவர்களுக்குச் சொன்னால், ஒரு மீனுக்காகவா இவ்வளவு என்று கேட்பார்கள்.

போன மாதம் மகன் வீட்டில் நின்றேன். பேரன் தன் படுக்கையறையில் மீன்தொட்டி வைத்திருக்கிறான். பின்னேரம் சற்றுக் கண்ணயரலாம் என்று அவனுடைய கட்டிலில் படுத்தால், தலைமாட்டில் ஒரு ர்ர்ர். மகன் ஓடிவந்து, "மோட்டருக்குக் கீழ ஸ்பொஞ்ச் வைக்கட்டே அம்மா? இல்லாட்டி கொஞ்ச நேரம் நிப்பாட்டி விடட்டே?" என்று கேட்டான். "ஒண்டும் செய்ய வேண்டாம், நான் கேட்டுக்கொண்டு படுக்கிறன்" என்றேன். படுத்தேன், நித்திரை வரவில்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் எல்லோரையும் சந்தேகித்த அந்தச் சோளகக் காற்றுக் காலம்தான் வந்தது.

எங்கள் வீடு துறையடியிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இருந்தது. அம்மாவுக்குச் சீதனமாக வந்த வீடு. அப்பா எழுவைதீவுக்காரர், அரசாங்கக் கந்தோரில் வேலை. அப்பாவின் தங்கை, எங்கள் மாமி, ஆஸ்பத்திரியில் நேர்ஸ். எழுவைதீவுக்கு வள்ளத்தை விட்டால் வேறு வழியில்லை. காற்று எழும்பினால் வள்ளமும் இல்லை. இரவு வேலை பார்க்கும் பெண் தினமும் கடல் கடந்து எப்படிப் போய்வருவது? அதனால் எங்களோடு இருந்தார். காலையில் வெள்ளை உடுப்போடு வந்து, கிணற்றடியில் நின்று தலையில் வார்த்து, பிட்டு இரண்டு பிடி தின்றுவிட்டு, யன்னலைச் சாத்திக்கொண்டு படுப்பார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து நெடுநேரம் கழித்துத்தான் எழும்புவார்.

அம்மாவுக்கு மாமியைப் பிடிக்காது என்று சொல்லமாட்டேன். நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான். மாமி பிட்டை மிச்சம் விட்டால், தன் சமையலைப் பழுது சொல்கிறார் என்று நினைப்பார். அறைக்கதவைச் சாத்தினால், உள்ளே அப்படி என்ன ஒளிப்பு என்று யோசிப்பார். மாமியும் சளைத்தவரில்லை. குசினியில் ஒரு சட்டி விழுந்தால், அது தானாக விழவில்லை என்றே நம்புவார். இருவரும் ஒருவரையொருவர் மச்சாள் என்று கூப்பிட்டார்கள். அந்தச் சொல்லை எத்தனை விதமான குரலில் சொல்லலாம் என்று அந்த வீட்டில்தான் கேட்டுப் பழகினேன்.

அம்மாவின் அண்ணா தெற்கே ஒரு பட்டினத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். நாங்கள் அவரைப் பெரியமாமா என்போம். கடையை விற்றுவிட்டு வெளிநாடு போகப் புறப்பட்டவர், கடை வாசலில் இருந்த மீன்தொட்டியை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் லொறியில் ஏற்றி எங்களுக்கு அனுப்பினார். இரும்புச் சட்டமும் கண்ணாடி ஒட்டும் கறுத்த மக்கும் வைத்த பெரிய தொட்டி. வைக்கோலுக்குள் புதைத்து வந்தது. மீன்கள் தனியே ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தில், நன்றாகக் கழுவிய தகரத்தில், தண்ணீர் தளும்பத் தளும்ப வந்தன. தங்கமீன்கள், வால் நீண்ட வெள்ளைகள், கண் பிதுங்கிய ஒரு கறுப்பன். கூடவே தண்ணீருக்குள் வைக்கும் ஒரு பொம்மைச் சிப்பி. காற்று நிறைந்தால் வாய் திறக்கும், குமிழி விட்டதும் மூடும். அதைப் போல ஒன்றை நான் பிறகு எந்தக் கடையிலும் காணவில்லை.

தொட்டி ஏன் படுக்கையறைக்குப் போனது என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் பிளக் இருந்தது அந்த ஒரு அறையில்தான். அப்பா ரேடியோவுக்காகப் போடுவித்தது. மாமியும் நானும் படுக்கும் அறை அது. அம்மாவின் அலுமாரியும் அங்கேதான் நின்றது. மீனுக்குக் காற்று வேண்டும், காற்றுக்கு மோட்டர், மோட்டருக்குப் பிளக். வேறு இடமில்லை.

மோட்டர் ஒரு சவர்க்காரப் பெட்டி அளவுதான் இருக்கும். அதிலிருந்து மெல்லிய ரியூப் ஒன்று தொட்டிக்குள் போனது. முதல் நாள் அதைப் போட்டதும் நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். அயல் வீட்டுப் பிள்ளைகள் யன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு பார்த்தார்கள். அடுத்த நாள் மாமி வேலை முடிந்து வந்து படுத்தார். சிறிது நேரத்தில் தலை குலைந்தபடி விறாந்தைக்கு வந்தார்.

"அண்ணை, அறைக்குள்ள என்ன, வண்டு ஒண்டு சாகக் கிடக்குதோ?"

"அது மோட்டர் தங்கச்சி. அது நிண்டால் மீன் செத்துப்போம்."

"அது நிக்காட்டி நான் செத்துப்போவன்."

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அப்பாவுக்கு அந்தச் சத்தத்தைக் குறைப்பதே வேலையாயிற்று. மோட்டருக்குக் கீழே துவாயை மடித்து வைத்தார். சத்தம் சற்று இறங்கியது, ஆனால் மேசை நடுங்கி, மேசையில் இருந்த கண்ணாடிக் கிளாசும் சேர்ந்து கிணுகிணுத்தது. மேசைக் கால்களுக்குக் கீழே பழைய சைக்கிள் ரியூபை வெட்டி வைத்தார். கிளாஸ் அடங்கிற்று, மோட்டர் அடங்கவில்லை. பிஸ்கட் பேணிக்குள் தென்னந்தும்பை அடைத்து, நடுவில் மோட்டரை வைத்து மூடினார். பேணி தன் பங்குக்குப் பாடத் தொடங்கியது. கடைசியில் சுவரில் ஆணி அடித்து, நூலில் கட்டி அந்தரத்தில் தொங்கவிட்டார். உண்மையில் அதுதான் சரியான வழி. எதிலும் முட்டாமல் தொங்கியபோது காதைக் கிட்டக் கொண்டுபோனால்தான் சத்தம் கேட்டது. ஆனால் சோளகக் காற்று எழும்பியிருந்த காலம். யன்னலைத் திறந்தால் காற்றில் ஆடிச் சுவரில் டொக் டொக்கென்று இடித்தது. யன்னலைப் பூட்டினால் மாமிக்கு வேர்த்துக் கொட்டியது.

ஒவ்வொரு முயற்சிக்கும் அம்மாவின் முகம் ஒருபடி இறுகியது. "அண்ணா ஆசையா அனுப்பின சாமான். அதைப் போட்டு இந்தப் பாடு படுத்துறியள்" என்பார், மாமிக்குக் கேட்கும் தூரத்தில் நின்று.

ஒருநாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அறைவாசலில் அம்மா நின்றார். தொட்டியில் குமிழி இல்லை. சிப்பி வாயை மூடிக்கொண்டு கிடந்தது. பிளக் கழற்றி நிலத்தில் கிடந்தது. மாமி நல்ல நித்திரை.

"மச்சாள்!" என்று அம்மா போட்ட சத்தத்தில் மாமி எழும்பி இருந்தார்.

"நிப்பாட்டினனான்தான். ராத்திரி முழுக்க ஒரு பிள்ளைப்பெறு. காலமை வரைக்கும் கால் நிலத்தில வைக்கேல்லை. கொஞ்ச நேரம் படுத்திட்டுப் போடுவம் எண்டு இருந்தனான்."

"மீன் செத்துதெண்டால்?"

"சாகேல்லையே. பாருங்கோ, வடிவாத்தானே ஓடுதுகள்."

மீன்கள் நன்றாகத்தான் ஓடின. ஆனால் அம்மாவின் மனதில் ஒன்று விழுந்துவிட்டது. அதன் பிறகு குசினியில் இருந்தாலும் அவருடைய காது அறையில்தான் இருந்தது. மோட்டர் இரைகிறதா, இரையவில்லையா என்று. மாமியோ அந்த இரைச்சலைப் பொறுக்கமுடியாமல் தவித்தார். ஒரே சத்தத்தை ஒருவர் வேண்டியும் மற்றவர் வேண்டாமலும் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவுக்கு அலுமாரி யோசனை வந்தது அப்போதுதான். தடித்த தேக்குப்பலகை அலுமாரி. மேல்தட்டில் அம்மாவின் கூறைச்சேலையும் மற்றப் பட்டுச்சேலைகளும் அடுக்கியிருந்தன. அப்பா அடுப்பில் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, பின்பலகையில் துளை போட்டார். வீடு முழுக்கத் தேக்குப் புகை மணத்தது. அம்மா, அண்ணா தந்த மீனுக்காக என்பதால் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டும். சேலைகளுக்கு நடுவே மோட்டரை வைத்து, ரியூபையும் வயரையும் துளையால் எடுத்து, கதவைப் பூட்டினார். பிளக்கைப் போட்டார்.

குமிழிகள் கிளம்பின. சிப்பி வாயைத் திறந்தது. சத்தம் இல்லை.

"இப்ப கேக்குதோ?" என்றார் அப்பா.

மாமி அலுமாரிக் கதவில் காதை வைத்தார். "தூரத்தில ஆரோ புட்டவிக்கிற மாதிரி. இது காணும் அண்ணை. இதுக்கு மேல எனக்கென்ன வேணும்?"

அந்தச் சில நாட்களைப் போல எங்கள் வீடு அதற்கு முன்பு இருந்ததில்லை. மாமி நன்றாக நித்திரை கொண்டார். கண்ணுக்குக் கீழிருந்த கருமை போயிற்று. பின்னேரங்களில் என் தலையை இழுத்துவைத்துப் பின்னிவிட்டார். அம்மா அவித்த முட்டையின் மஞ்சட்கருவைக் காயவைத்துப் பொடித்துத் தர, மாமி அதை மீனுக்குத் தூவினார். கறுப்பன் மாமியின் விரலைக் கண்டால் மேலே வருவான். "உவனுக்கு என்னைத் தெரியுது மச்சாள்" என்று மாமி சொன்னபோது அம்மாவும் வந்து எட்டிப் பார்த்தார்.

முதலில் செத்தது கறுப்பன்தான்.

அதற்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே மீன்கள் ஒரு மாதிரியாகத்தான் இருந்தன. மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. சாப்பாட்டைப் போட்டால் கவனிக்கவில்லை. கறுப்பன் சரிந்து நீந்தினான். ஒரு காலையில் வயிறு மேலே தெரிய மிதந்தான். முருங்கையடியில் புதைத்தோம். அப்பா தண்ணீரைக் குற்றம் சொன்னார். எங்கள் வளவுக் கிணறு உவர் என்பதால் தொட்டிக்கு நல்ல தண்ணீர் தூரத்துக் கிணற்றிலிருந்து சைக்கிளில் வந்தது. கொண்டுவந்து தருகிறவர் கள்ளத்தனமாகக் கிட்டடிக் கிணற்றில் அள்ளிவிட்டார் என்று அப்பாவுக்குச் சந்தேகம். அந்த மனிதர் எங்கள் வாசலில் நின்று, தன் பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணி, அந்தத் தண்ணீரைக் குடித்துக் காட்டிவிட்டுப் போனார். பிறகு பூனையைச் சந்தேகித்தோம். பூனை மீனைச் சாகடித்துவிட்டுத் தின்னாமல் போகுமா என்று யாரும் யோசிக்கவில்லை.

வெள்ளை ஒன்று செத்தது. அடுத்து ஒரு தங்கமீன்.

அதை எடுக்கும்போதுதான் அம்மா தன் கையை முகர்ந்து பார்த்தார். மறுபடியும் முகர்ந்தார். அப்பாவைக் கூப்பிட்டார்.

"இஞ்சேருங்கோ, இந்தத் தண்ணியை ஒருக்கா மணந்து பாருங்கோ."

அப்பா விரலை நனைத்து மூக்கில் வைத்தார். "ஏதோ மருந்து மணம் மாதிரிக் கிடக்கு."

"ஏதோ மருந்தில்லை. ஆசுப்பத்திரி மணம்."

அதன் பிறகு சொல்ல வேண்டியது எதுவும் மிச்சம் இல்லை. ஆஸ்பத்திரி மணம் எங்கள் வீட்டுக்குள் யாரோடு வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். மாமியின் வெள்ளை உடுப்பு, கைப்பை, கூந்தல் எல்லாவற்றிலும் அது ஒட்டிக்கொண்டு வரும். அம்மா மாமியின் பையைத் திறந்து பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன். சீப்பு, திருநீறு மடித்த காகிதச் சரை, ஒரு சிறிய போத்தலில் புண் கழுவும் மருந்து. அரைவாசிதான் இருந்தது.

"மிச்சம் எங்க போனது?" என்று அம்மா போத்தலிடமே கேட்டார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலை வந்தது. "பின்னேரம் அறைக்குள்ள இருந்து படி பிள்ளை. மாமி என்ன செய்யிறா எண்டு பார்" என்றார் அம்மா. நான் புத்தகத்தை விரித்துக்கொண்டு நிலத்தில் இருந்தேன். இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ மாமி நித்திரையால் எழும்பி நேரே தொட்டியடிக்குப் போனார். கண்ணாடியில் முகத்தை வைத்து மீன்களைப் பார்த்தார். கையைத் தண்ணீருக்குள் விட்டார். எடுத்து முகர்ந்தார். பிறகு குசினிப் பக்கம் திரும்பி நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வை அப்போது எனக்கு விளங்கவில்லை. மாமியும் அந்த மணத்தைப் பிடித்துவிட்டார். தன்னை வீட்டை விட்டுக் கிளப்புவதற்காக யாரோ தண்ணீருக்குள் மருந்து விடுகிறார்கள் என்று எண்ணினார். அந்த யாரோ எங்கள் அம்மாதான் என்பது அவருடைய முடிவு.

என்ன கண்டாய் என்று அம்மா கேட்டார். மாமி கையை விட்டவ என்றேன். கண்டது அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். அப்பா சாப்பிட்டுவிட்டுச் சாய்மனைக் கதிரையில் இருந்தார். மாமி தட்டைக் கழுவிவிட்டு வந்தார். அம்மா அந்தச் சிறிய போத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"இதென்ன மச்சாள்?"

"புண் கழுவிறது. ஏன், என்ர பைக்குள்ள கிடந்ததே?"

"மீன் தொட்டிக்குள்ளயும் இதுதானே மணக்குது."

மாமி போத்தலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மச்சாள், எனக்கு உந்த மீனைக் கொல்ல வேணுமெண்டால் நான் ஏன் மருந்து தேடுறன்? பிளக்கைப் பிடுங்கினால் காணுமே. பிடுங்கினனான், எல்லாருக்கும் தெரியப் பிடுங்கினனான். ஒளிச்சுச் செய்யிற பழக்கம் எனக்கில்லை. இப்ப சத்தமும் இல்லை. நான் நல்லா நித்திரை கொள்ளுறன். பிறகு ஏன் கொல்லுறன், சொல்லுங்கோ?"

இன்று யோசித்தால் அதற்குப் பிறகு வழக்கே இல்லை. எந்த நீதிமன்றமும் அங்கேயே விட்டுவிடும். அம்மா போத்தல் மூடியைத் திருகிக்கொண்டு நின்றார். விஷயம் அதோடு அடங்கியிருக்கும்.

அப்பா எழும்பி வந்தார்.

"தங்கச்சி, உண்மையைச் சொல்லு. நான் ஒண்டும் சொல்லமாட்டன். நீ ஏதும் ஊத்தினனியோ?"

மாமி அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தார். "இல்லை அண்ணை."

அப்பா மாமியையே பார்த்துக்கொண்டு நின்றார், இன்னும் ஏதோ வரும் என்று காத்திருக்கிறவரைப் போல. குசினியில் பானை மூடி ஆவியில் தட்டிக்கொண்டிருந்தது. மாமி அறைக்குள் போய்ப் பெட்டியை எடுத்தார். உடுப்புகளை மடிக்காமல் திணித்தார். ஆஸ்பத்திரி வளவில் நேர்ஸ்மாருக்கு விடுதி இருந்தது. வெயில் ஏறிய தெருவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். நான் வாசல் படலையடி வரை போனேன். "உள்ள போ பிள்ளை, காலில சுடும்" என்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

மாமி போன பிறகும் மீன்கள் செத்தன.

அம்மா அதை எதிர்பார்க்கவில்லை. மருந்து கல்லில் ஊறியிருக்கும் என்று தொட்டியை இறைத்து, கல்லைக் கொதிதண்ணீரில் கழுவிப் புதுத் தண்ணீர் விட்டார்கள். ஒரு நாள் மீன்கள் தெளிந்தன. மறுநாள் மேலே வந்து வாயைப் பிளந்தன. மணமும் திரும்பி வந்தது. இப்போது அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். அடுத்த வீட்டுக்காரி எப்போது வந்தாள், போனாள் என்று கணக்கெடுத்தார்கள். ஒரு பின்னேரம் அப்பா என் கைகளை வாங்கி ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தார். அப்பாவுக்கு என்னிலும் நம்பிக்கை இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஆனி மாதம், நயினாதீவு அம்மன் கோயில் திருவிழா. தேருக்குப் போக அம்மா பட்டுச்சேலை எடுக்க வேண்டும். அலுமாரியைத் திறந்தார். நான் கட்டிலில் இருந்தேன். கதவு திறந்ததும் அடைபட்டிருந்த இரைச்சல் வெளியே வந்தது. அதோடு அந்த மணமும் வந்தது. அம்மா சேலையை உருவி உதறப் போனவர், உதறாமல் நின்றார். சேலையை முகத்தில் வைத்தார். பிறகு மோட்டரைத் தள்ளிவிட்டு, தட்டின் மூலைகளில் கையை விட்டுத் துழாவினார்.

சேலையைப் பூச்சி அரிக்காமல் இருக்கப் போடும் வெள்ளை உருண்டைகள். உங்கள் வீட்டு அலுமாரிகளிலும் இருந்திருக்கும். தைப்பொங்கலுக்குப் புதிதாக வாங்கி, ஒவ்வொரு மூலையிலும் கைநிறையப் போட்டது. இப்போது கடலை அளவில் தேய்ந்து கிடந்தன.

"இஞ்ச வாங்கோ" என்று அம்மா கூப்பிட்ட குரலில் அப்பா ஓடிவந்தார். அம்மா உள்ளங்கையை நீட்டிக் காட்டினார். அப்பா தொட்டிக்குள் இருந்த ரியூபை வெளியே இழுத்து, நுனியை மூக்கடியில் பிடித்தார். அலுமாரிக்குள் அடைந்து கிடந்த அந்த நஞ்சுக் காற்றைத்தான் மோட்டர் இரவும் பகலும் உறிஞ்சி மீனுக்கு ஊதியிருக்கிறது. நல்ல நாளில் நாங்கள் உடுத்துகிற உடுப்பெல்லாம் அப்படித்தான் மணக்கும். அதனால் அந்த அறைக்குள் அது எங்கள் மூக்கில் ஏறவில்லை. தண்ணீரில் மணந்தபோது மட்டும் அதை ஆஸ்பத்திரி என்று முடிவு கட்டினோம்.

அப்பா கட்டில் விளிம்பில் இருந்தார். சத்தம் நின்ற நாளைக்கும் சாவு தொடங்கிய நாளைக்கும் இடையில் எவ்வளவு தூரம்? அந்தக் கணக்கைப் போட அவருக்கு யாரும் உதவத் தேவையில்லை. தண்ணீர்க்காரரை, பூனையை, தங்கையை, என்னை எல்லாம் சந்தேகித்தவர் தன் கைவேலையை மட்டும் சந்தேகிக்கவில்லை.

மோட்டரை ஆணியில் தொங்கவிட்டார்கள். மிஞ்சியிருந்த ஒரே வெள்ளை மீன் பிழைத்துக்கொண்டது.

அம்மா அன்றே ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அப்பா எங்களோடு வந்தார், ஆனால் வாசலோடு நின்றுவிட்டார். விடுதி விறாந்தையில் மாமி எங்களைக் கண்டதும் எழும்பினார். அம்மா மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னார். அலுமாரி, உருண்டை, ரியூப். கடைசியில், "என்னை என்ன வேணுமெண்டாலும் சொல்லும் மச்சாள். வீட்டுக்கு வாரும்" என்றார்.

மாமி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திடீரென்று சிரித்தார்.

"நான் நீங்கள் எண்டெல்லோ நினைச்சனான்!"

"என்னையோ?"

"ஓம். என்னைக் கிளப்பிறதுக்கு நீங்கள்தான் ஏதோ ஊத்துறியள் எண்டு. என்ர போத்தலில எடுத்துத்தான் ஊத்துறியள் எண்டு போத்தலில கோடு கூடக் கீறி வைச்சனான்."

அம்மாவுக்கு முதலில் கோபம் வந்தது. வாயைத் திறந்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள். மற்ற நேர்ஸ்மார் எட்டிப் பார்த்தார்கள். அம்மாவும் மாமியும் உண்மையில் சிநேகிதமானது அந்த விறாந்தையில்தான்.

"அண்ணை வரேல்லையோ?" என்று மாமி கேட்டார்.

"வாசல்ல நிக்கிறார்."

மாமியின் சிரிப்பு அடங்கியது. "நிக்கட்டும்" என்றார்.

அடுத்த வாரம் மாமி லீவில் எழுவைதீவுக்குப் போனார். அது தெரிந்துதான் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு அதே வள்ளத்தில் ஏறினார். மாமி முன்பக்கம் இருந்தார். நாங்கள் பின்பக்கம். நடுவில் மா மூட்டைகளும் கட்டிய ஆடு ஒன்றும். கரை தூரப்போன பிறகு அப்பா ஆட்டைத் தாண்டிப் போய் மாமிக்கு எதிரே இருந்தார். அலை அடித்து இருவரையும் நனைத்தது. நான் நகர்ந்து நகர்ந்து கிட்டப் போய்விட்டேன்.

"நான் உன்னைக் கேட்டிருக்கக் கூடாது தங்கச்சி."

"கேட்டது பிழையில்லை அண்ணை. அவ்வளவு மீன் சாகேக்க ஆரும் கேப்பினம். மச்சாளும் கேட்டவதானே." மாமி முகத்தில் வழிந்த உப்புத் தண்ணீரைத் துடைத்தார். "நான் இல்லை எண்டு சொன்னாப் பிறகும் பார்த்துக்கொண்டு நிண்டீங்களே. அதுதான்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எழுவைதீவு வந்தது. இறங்கும்போது மாமியின் பெட்டியை அப்பா தூக்கினார். மாமி தடுக்கவில்லை.

மாமி எங்கள் வீட்டுக்குத் திரும்பவும் வந்தார், ஞாயிற்றுக்கிழமைகளில். அம்மாவோடு குசினியில் இருந்து கதைப்பார், சாப்பிடுவார், எனக்குத் தலை பின்னிவிடுவார். வெயில் சாயட்டும், சற்றுப் படுத்திட்டுப் போகலாம் என்று அம்மா ஒவ்வொரு முறையும் பாய் விரிப்பார். மாமி ஒவ்வொரு முறையும் ஏதாவது சொல்லிவிட்டுப் புறப்படுவார். அவருக்குக் கலியாணம் நடந்தது, இடமாற்றங்கள் வந்தன. சண்டை மூண்டபோது நாங்களும் அவர்களும் வீடுகளை விட்டு வெவ்வேறு திசைக்கு ஓடினோம், கண்டோம், பிரிந்தோம், மறுபடியும் கண்டோம். அப்பாவின் செத்தவீட்டுக்கு வந்தபோதுகூட மாமி எங்கள் வீட்டில் தலை சாய்க்காமல் கதிரையில்தான் விடிய விடிய இருந்தார். அதை நான் மட்டும்தான் கவனித்தேன் என்று நினைத்திருந்தேன்.

கடைசிக் காலத்தில் அம்மா யாழ்ப்பாணத்தில் ஒரு வாடகை வீட்டில் படுக்கையில் கிடந்தார். மாமி அப்போது ஓய்வு பெற்றுவிட்டார். யாரும் கூப்பிடாமலே ஒரு பையோடு வந்து இறங்கினார். அம்மாவைத் துடைத்தார், திருப்பிப் படுக்கவைத்தார், கரண்டியால் கஞ்சி பருக்கினார். எனக்குக்கூடப் பக்கத்தில் இடம் தரவில்லை. இப்படி ஒரு வாரம்.

ஒரு மதியம் நான் கடைக்குப் போய்விட்டு வந்து, "மாமி, மருந்து வாங்கியாச்சு" என்று வாசலில் இருந்தே சொல்லிக்கொண்டு அறைக்குள் வந்தேன். அம்மா படுக்கையில் இருந்தபடியே கையை உயர்த்தி என்னைத் தடுத்தார். கை உயர்த்துவதே அவருக்குப் பெரும்பாடு.

"மெல்லக் கதை பிள்ளை" என்றார், காற்றாக. "மச்சாள் படுத்திட்டா."

அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், பாயில், ஒரு கையைத் தலைக்குக் கொடுத்து மாமி நித்திரை கொண்டிருந்தார். வாய் சற்றுத் திறந்திருந்தது. அம்மா அவரையே பார்த்துக்கொண்டு கிடந்தார். நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசல் கேற்றடியில் ஐஸ்பழ வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது. ஓடிப்போய், கொஞ்சம் அப்பால் போய் அடியுங்கோ என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.